அதிக ரன் எடுத்த ப்ளூ ஜேஸ் தோற்றது எப்படி? பேஸ்பாலின் 162 ஆட்டக் கணக்கும் அக்டோபர் கணக்கும்

வட அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸ் 2025-ல் ஏழு ஆட்டங்கள் போனது. ஏழையும் கூட்டிப் பார்த்தால் டொராண்டோ ப்ளூ ஜேஸ் 34 ரன், லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் 26 ரன். கோப்பை டாட்ஜர்ஸுக்கு. டொராண்டோ, ஸ்கார்பரோ பக்கம் இருக்கும் தமிழர்களில் பலர் அந்த அக்டோபரில்தான் முதன்முதலாக உட்கார்ந்து பேஸ்பால் பார்த்தார்கள், நள்ளிரவு வரை விழித்திருந்து கடைசியில் மனம் உடைந்தும் போனார்கள். அதற்குப் பிறகு கிளம்பிய கேள்விகள் எல்லாமே நியாயமானவை:

1. எட்டு ரன் கூடுதலாக எடுத்த அணி எப்படித் தோற்கும்?
2. சீசனில் டாட்ஜர்ஸ் ஜெயித்தது 93 ஆட்டம். மில்வாக்கி ப்ரூவர்ஸ் 97, ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸ் 96, ப்ளூ ஜேஸும் நியூயார்க் யாங்கீஸும் தலா 94. ஆக வெற்றிக் கணக்கில் ஐந்தாவதாக இருந்த அணி சாம்பியன் ஆனது எப்படி?
3. சீசனில் டாட்ஜர்ஸோடு மோதிய ஆறு ஆட்டங்களிலும் ப்ரூவர்ஸ்தான் ஜெயித்தது. அதே ப்ரூவர்ஸ் அக்டோபரில் அதே டாட்ஜர்ஸிடம் 0-4 என்று மொத்தமாக விழுந்தது ஏன்?

மூன்றுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. சீசன் ஒன்றை அளக்கிறது, சாம்பியன்ஷிப் வேறொன்றை அளக்கிறது. இரண்டையும் ஒரே அளவுகோலாக நினைப்பதால்தான் இத்தனை குழப்பம்.

முதலில் அமைப்பு

மேஜர் லீக் பேஸ்பாலில் 30 அணிகள். 29 அமெரிக்காவில், டொராண்டோ மட்டும் கனடாவில். இவை இரண்டு லீக்காகப் பிரிந்திருக்கின்றன: 1876-ல் தொடங்கிய நேஷனல் லீக், 1901-ல் அதற்குப் போட்டியாக வந்த அமெரிக்கன் லீக். ஒவ்வொரு லீக்கிலும் கிழக்கு, மத்தி, மேற்கு என்று மூன்று டிவிஷன், டிவிஷனுக்கு ஐந்து அணி.

இந்த இரண்டு லீக்கும் ஆரம்பத்தில் ஒன்றின் வீரர்களை மற்றொன்று இழுத்துக்கொண்டு சண்டை போட்ட தனித்தனி நிறுவனங்கள். சமாதானம் ஆன பிறகு 1903-ல் இரண்டின் சாம்பியன்களும் மோதினார்கள், அதுதான் முதல் வேர்ல்ட் சீரிஸ். அடுத்த வருஷமே நியூயார்க் ஜயன்ட்ஸ் "அந்த லீக்கோடு ஆட மாட்டோம்" என்று மறுத்துவிட்டதால் 1904-ல் தொடர் நடக்கவில்லை.

1968 வரை ப்ளேஆஃப் என்ற சுற்றே கிடையாது. லீக்கில் முதலிடம் பிடித்தால் நேராக வேர்ல்ட் சீரிஸ், இரண்டாமிடம் என்றால் வீட்டுக்கு. மாதக்கணக்கான ஆட்டத்துக்கு அப்போது முழு மதிப்பு இருந்தது. 1969-ல் டிவிஷன்கள் வந்தன. டிவிஷனை ஜெயிக்காத அணிக்கும் இடம் தரும் வைல்ட் கார்டு முறை 1995-ல் நடைமுறைக்கு வந்தது. 2012-ல் இன்னொரு வைல்ட் கார்டு, 2022 முதல் மொத்தம் 12 அணிகள். கதவு அகலமாக அகலமாக முதலிடத்தின் மதிப்பு குறைந்துகொண்டே வந்திருக்கிறது. விரிவாக்கத்துக்குப் பின்னால் இருப்பது தொலைக்காட்சிப் பணம், அதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை.

162 ஆட்டம் எதை அளக்கிறது?

மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் கடைசி வரை கிட்டத்தட்ட தினமும் ஆட்டம். ஓர் ஊருக்குப் போனால் மூன்று நான்கு நாள் அங்கேயே ஆடிவிட்டு அடுத்த ஊர். 2023 முதல் எல்லா அணியும் மற்ற 29 அணிகளோடும் ஒரு தடவையாவது மோத வேண்டும்.

கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்கள் கவனிக்க வேண்டியது, பேஸ்பாலில் நல்ல அணிகூட நிறையத் தோற்கும் என்பதுதான். மிகச் சிறந்த அணி நூற்றுக்கு அறுபது ஆட்டம் ஜெயிக்கும், மிக மோசமான அணிகூட நூற்றுக்கு முப்பதை ஒட்டி ஜெயித்துவிடும். 2024-ல் சிகாகோ வைட் சாக்ஸ் 121 ஆட்டம் தோற்றது, நவீன பேஸ்பாலில் அதைவிட அதிகம் தோற்ற அணி இல்லை. அந்த அணியும் 41 தடவை யாரையோ தோற்கடித்திருக்கிறது.

எந்த ஒரு நாளிலும் அதிர்ஷ்டத்தின் பங்கு பெரியது என்று அர்த்தம். நன்றாக அடித்த பந்து நேராக ஃபீல்டர் கைக்குப் போகும், மோசமாகப் பட்ட பந்து ஆளில்லாத இடத்தில் விழும். அதனால்தான் இத்தனை ஆட்டம் வைக்கிறார்கள். சரி, 162 போதுமா? ஒவ்வொரு ஆட்டத்திலும் சரிபாதி வாய்ப்புள்ள ஒரு நடுத்தர அணியை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குப்படி 81 ஜெயிக்க வேண்டும். ஆனால் வெறும் அதிர்ஷ்டத்தாலேயே மூன்றில் இரண்டு சீசன்களில் 75-க்கும் 87-க்கும் நடுவில் எங்கேயாவது நிற்கும், மீதி சீசன்களில் அதற்கும் வெளியே போகும். ஆறு ஆட்டம் முன்னே பின்னே இருப்பது சாதாரணம்.

ஆகவே 97-க்கும் 93-க்கும் உள்ள நான்கு ஆட்ட வித்தியாசத்தை வைத்து "ப்ரூவர்ஸ் மேலான அணி" என்று அடித்துச் சொல்ல முடியாது. 97-க்கும் 75-க்கும் நடுவில் என்றால் தாராளமாகச் சொல்லலாம். 162 ஆட்டம் நல்லதையும் கெட்டதையும் பிரிக்கும், நல்லதையும் மிக நல்லதையும் பிரிப்பது அதற்கே கஷ்டம்.

சீசன் அளக்கும் இன்னொரு விஷயம் அணியின் ஆழம். ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் (பந்து வீசுபவர்), அதாவது ஸ்டார்ட்டர், நூறு பந்து அளவில் வீசிவிட்டு நான்கைந்து நாள் ஓய்வெடுப்பார். அதனால் ஒவ்வொரு அணிக்கும் ஐந்து ஸ்டார்ட்டர் வேண்டும். ஆறு மாதத்தில் இரண்டு மூன்று பேராவது காயப்படுவார்கள் என்பதால் உண்மையில் ஏழெட்டுப் பேர். ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட ஆட்டத்தில் அவர்களுக்குப் பின்னால் வந்து ஓரிரு இன்னிங்ஸ் வீசுபவர்களின் கூட்டத்துக்குப் பெயர் புல்பென். ஆறாவது ஏழாவது ஸ்டார்ட்டரும் சுமாராகத் தேறும் அணிதான் சீசன் முடிவில் மேலே நிற்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அக்டோபரில் தலைகீழாகப் போவது இதுதான்.

சமமாக முடிந்தால்?

ப்ளூ ஜேஸும் யாங்கீஸும் 94 வெற்றி, 68 தோல்வி என்று ஒரே கணக்கில் முடித்தன. இரண்டும் ஒரே டிவிஷன். 2021 வரை இப்படி ஆனால் டிவிஷனைத் தீர்மானிக்க 163-வது ஆட்டம் ஒன்று நடத்துவார்கள், இப்போது அது கிடையாது. இரண்டும் நேருக்கு நேர் மோதியதில் யார் முன்னிலை என்று பார்ப்பார்கள். டொராண்டோ 8-5 என்று முன்னிலை. அதனால் டொராண்டோவுக்கு டிவிஷன் பட்டம், அமெரிக்கன் லீக்கில் முதல் தரவரிசை, முதல் சுற்றில் ஓய்வு. யாங்கீஸ் வைல்ட் கார்டு சுற்றில் பாஸ்டன் ரெட் சாக்ஸோடு மூன்று ஆட்டம் மல்லுக்கட்டிவிட்டு வந்து அதே டொராண்டோவிடம் தோற்றது.

நேஷனல் லீக்கில் கடைசி இடத்துக்கும் இதே கதை. சின்சினாட்டி ரெட்ஸ், நியூயார்க் மெட்ஸ் இரண்டும் 83-79. நேருக்கு நேர் முன்னிலையால் ரெட்ஸ் உள்ளே, மெட்ஸ் வெளியே. கோடையில் ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை யாரும் கவனிக்காத ஆட்டம் என்று நினைப்பது கடைசியில் இங்கே வந்து நிற்கும்.

அக்டோபர் படிக்கட்டு

ஒவ்வொரு லீக்கிலும் ஆறு அணி: டிவிஷனை ஜெயித்த மூன்று, வைல்ட் கார்டு மூன்று.

1. வைல்ட் கார்டு சுற்று. தரவரிசையில் 3-ம் அணி 6-வதோடும், 4-ம் அணி 5-வதோடும் மோதும். மூன்றில் இரண்டு ஜெயிக்க வேண்டும், எல்லா ஆட்டமும் மேல் தரவரிசை அணியின் மைதானத்தில். முதல் இரண்டு அணிகளுக்கு ஓய்வு.
2. டிவிஷன் தொடர். ஐந்தில் மூன்று.
3. லீக் சாம்பியன்ஷிப் தொடர். ஏழில் நான்கு. இதை ஜெயித்தால் லீக் சாம்பியன்.
4. வேர்ல்ட் சீரிஸ். இதுவும் ஏழில் நான்கு. சீசனில் அதிகம் ஜெயித்த அணியின் ஊரில் முதல் இரண்டும் கடைசி இரண்டும், நடுவில் மூன்று மற்ற ஊரில்.

டாட்ஜர்ஸ் நேஷனல் லீக்கில் 3-ம் தரவரிசை என்பதால் அடிப்படியிலிருந்து ஏற வேண்டியிருந்தது: ரெட்ஸை 2-0, ஃபில்லீஸை 3-1, ப்ரூவர்ஸை 4-0, கடைசியில் டொராண்டோவை 4-3.

ஐபிஎல்லில் முதல் இரண்டு இடம் பிடித்த அணிக்கு ஒரு தோல்வியைத் தாங்கும் இரண்டாவது வாய்ப்பு உண்டு. பேஸ்பாலில் அது இல்லை. 162 ஆட்டம் ஆடி முதலிடம் பிடித்ததற்குக் கிடைக்கும் சலுகை ஒரு சுற்று ஓய்வும் ஓர் ஆட்டம் கூடுதலாகச் சொந்த மைதானமும், அவ்வளவே.

எவ்வளவு வாய்ப்பு? ஒரு சின்னக் கணக்கு

எதிரில் யார் வந்தாலும் ஒரு தனி ஆட்டத்தை ஜெயிக்க நூற்றுக்கு 55 வாய்ப்புள்ள அணி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ப்ளேஆஃபில் வருவதெல்லாம் வலுவான அணிகள் என்பதால் 55 என்பதே தாராளமான மதிப்பு.

- மூன்று ஆட்டத் தொடரை ஜெயிக்க வாய்ப்பு 57 சதவீதத்துக்குச் சற்று மேல்
- ஐந்து ஆட்டத் தொடர்: 59 சதவீதம்
- ஏழு ஆட்டத் தொடர்: 61 சதவீதம்

ஒரு ஆட்டத்துக்கு 55, ஏழு ஆட்டத் தொடருக்கு 61. ஆட்டங்களைக் கூட்டினாலும் நிச்சயம் அவ்வளவாகக் கூடவில்லை பாருங்கள். இப்போது ஐந்து, ஏழு, ஏழு என்று மூன்று தொடரையும் வரிசையாக ஜெயிக்க வேண்டும். பெருக்கினால் 22 சதவீதம்தான் வருகிறது. வைல்ட் கார்டு சுற்றும் சேர்ந்தால் 13 சதவீதத்துக்கும் கீழே, அதாவது எட்டில் ஒன்று. எல்லோரையும்விட உண்மையிலேயே மேலான அணிக்கே ஐந்தில் நான்கு தடவை தோல்வி நிச்சயம் என்றால், சீசனில் முதலிடம் பிடித்த அணி அக்டோபரில் வெளியேறுவதை "சொதப்பல்" என்று திட்டுவதில் நியாயம் இல்லை.

2001-ல் சியாட்டில் மரினர்ஸ் 116 ஆட்டம் ஜெயித்து லீக் சாம்பியன்ஷிப்பில் யாங்கீஸிடம் தோற்றது. 2022-ல் 111 ஜெயித்த டாட்ஜர்ஸை 89 ஜெயித்த சான் டியேகோ பாட்ரேஸ் வெளியே அனுப்பியது. 2023-ல் 104 ஜெயித்த அட்லாண்டா, 101 ஜெயித்த பால்டிமோர், 100 ஜெயித்த டாட்ஜர்ஸ் மூன்றுமே தங்கள் முதல் தொடரிலேயே விழுந்தன. வேர்ல்ட் சீரிஸில் ஆடியது 90 ஜெயித்த டெக்சஸ் ரேஞ்சர்ஸும் 84 ஜெயித்த அரிசோனாவும். மறுபக்கம் 2006-ல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் வெறும் 83 வெற்றியோடு உள்ளே நுழைந்து கோப்பையையே தூக்கியது.

பிட்சர்தான் ஆட்டத்தை மாற்றுகிறார்

அதிர்ஷ்டம் மட்டும் என்று சொல்லி முடித்துவிட முடியாது. ப்ரூவர்ஸ் கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது.

அக்டோபரில் ஆட்டங்களுக்கு நடுவில் பயண நாள், ஓய்வு நாள் வருகிறது. அதனால் ஐந்தாவது ஸ்டார்ட்டர் தேவையில்லை, நான்கு பேர் போதும், சில சமயம் மூன்று. சீசனில் அணியைத் தாங்கிப் பிடித்த ஆறாவது ஏழாவது ஆட்களின் மதிப்பு சட்டென்று இல்லாமல் போகிறது. உச்சியில் இருக்கும் மூன்று நான்கு பேரின் மதிப்பு இரட்டிப்பாகிறது.

டாட்ஜர்ஸின் உச்சி நான்கு பேர்: யோஷினோபு யமமோட்டோ, பிளேக் ஸ்னெல், டைலர் கிளாஸ்னோ, ஷோஹெய் ஒட்டானி. இதில் ஸ்னெல்லும் கிளாஸ்னோவும் காயத்தால் மாதக்கணக்கில் ஆடவில்லை. ஒட்டானி முழங்கை அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஜூனில்தான் மறுபடி பந்துவீச வந்தார், அதுவும் ஆரம்பத்தில் ஓரிரு இன்னிங்ஸ். ப்ரூவர்ஸ் ஆறுக்கு ஆறு ஜெயித்தது எல்லாம் ஜூலையில், ஸ்னெல் இன்னும் திரும்பாத நேரம். அக்டோபரில் நான்கு பேரும் தயார். முதல் ஆட்டத்தில் ஸ்னெல் எட்டு இன்னிங்ஸ் வீசி ஒரே ஒரு ஹிட் (அடித்தவர் அவுட் ஆகாமல் ஓடிச் சேரும் அடி) கொடுத்தார். இரண்டாவதில் யமமோட்டோ ஒன்பது இன்னிங்ஸையும் தானே வீசி முடித்தார். நான்காவதில் ஒட்டானி ஆறு இன்னிங்ஸ் ரன் கொடுக்காமல் 10 பேரைப் பந்துவீச்சாலேயே அவுட் ஆக்கியதோடு (ஸ்ட்ரைக் அவுட்) அதே ஆட்டத்தில் மூன்று ஹோம் ரனும் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி வேலி தாண்டும் அடி) அடித்தார். நான்கு ஆட்டத்திலும் ப்ரூவர்ஸ் எடுத்தது ஆட்டத்துக்கு ஒரு ரன் வீதம் மொத்தம் நான்கு ரன்.

ஆக, அந்த 93 என்ற எண் அரைகுறை டாட்ஜர்ஸின் எண். முழு டாட்ஜர்ஸ் அக்டோபரில்தான் களத்துக்கு வந்தது.

அந்த முழு டாட்ஜர்ஸைக் கட்டிக்காத்து வைத்திருக்கப் பணம் வேண்டும் என்பதும் உண்மை. பேஸ்பாலில் சம்பளத்துக்கு உச்சவரம்பு கிடையாது, குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் வரி மட்டும்தான். ஒட்டானியின் ஒப்பந்தம் பத்து வருஷத்துக்கு 70 கோடி டாலர், யமமோட்டோவுடையது 12 வருஷத்துக்கு 32.5 கோடி. காயப்பட்ட இரண்டு முதல்தர பிட்சர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் கொடுத்துக்கொண்டே 93 ஆட்டம் ஜெயிப்பது மில்வாக்கி போன்ற சின்னச் சந்தை அணிக்கு நடக்காத காரியம்.

34-க்கும் 26-க்கும் நடுவில் நடந்தது

முதல் கேள்விக்கு வருவோம். ஒரு ஆட்டத்தில் எடுத்த ரன் அடுத்த ஆட்டத்துக்கு உதவாது. டொராண்டோ முதல் ஆட்டத்தில் 11-4, நான்காவதில் 6-2, ஐந்தாவதில் 6-1 என்று பெரிதாக ஜெயித்தது. டாட்ஜர்ஸ் இரண்டாவதை 5-1, மூன்றாவதை 18 இன்னிங்ஸ் போராடி 6-5, ஆறாவதை 3-1, ஏழாவதை 11 இன்னிங்ஸில் 5-4 என்று ஜெயித்தது. மூன்று பெரிய வெற்றியைவிட நான்கு சின்ன வெற்றி பெரிது.

எவ்வளவு சின்னது என்பதற்குக் கடைசி இரண்டு இரவுகளைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். ஆறாவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், டாட்ஜர்ஸ் 3-1 முன்னிலை. டொராண்டோவுக்கு முதல் பேஸில் ஆள் (நான்கு பேஸையும் சுற்றி ஹோமுக்கு வந்தால் ஒரு ரன்). டொராண்டோவின் அடிசன் பார்ஜர் அடித்த பந்து வெளிச்சுவர் வரை போய், சுவரின் அடிப்பக்கத்தில் மெத்தைக்குக் கீழே சிக்கிக்கொண்டது. பந்து சிக்கினால் ஆட்டம் அங்கேயே நிற்கும், ஆட்கள் ஆளுக்கு இரண்டு பேஸ் மட்டும் முன்னேறலாம் என்பது விதி. சுவரில் பட்டுத் திரும்பியிருந்தால் ஒரு ரன் வந்திருக்கும். பதிலாக மூன்றாவது பேஸில் ஒருவர், இரண்டாவதில் பார்ஜர். அடுத்தவர் எளிய கேட்ச். அதற்கடுத்து ஆண்ட்ரேஸ் ஹிமேனஸ் அடித்ததை முன்னால் ஓடிவந்து பிடித்த டாட்ஜர்ஸின் கிகே ஹெர்னாண்டஸ் உடனே இரண்டாவது பேஸுக்கு எறிய, கேட்ச் ஆனதும் அங்கே திரும்பி வர வேண்டிய பார்ஜரும் நேரமில்லாமல் அவுட், அது மூன்றாவது அவுட். ஆட்டம் முடிந்தது.

மறுநாள் ஏழாவது ஆட்டம். டொராண்டோ 4-3 முன்னிலை, கோப்பைக்கு இரண்டே அவுட் தூரம். டாட்ஜர்ஸ் வரிசையின் கடைசியில் ஆடும், அடிக்கு அவ்வளவாகப் பெயர் இல்லாத மிகேல் ரோஹாஸ் ஹோம் ரன் அடித்துச் சமன் செய்தார். அதே இன்னிங்ஸின் பின்பாதியில் டொராண்டோ மூன்று பேஸிலும் ஆள் நிறுத்தியது, ஒரே அவுட். ஒரு ரன் வந்தால் கோப்பை. தரையோடு வந்த பந்தை ரோஹாஸ் எடுத்து நிலைதடுமாறியபடியே ஹோமுக்கு எறிந்தார், ஓடிவந்தவர் நூலிழையில் அவுட். அடுத்து உயர்ந்து போன பந்தைச் சுவரோரம் சக வீரர்மேலேயே மோதிப் பிடித்தார் ஆண்டி பஹெஸ். 11-வது இன்னிங்ஸில் வில் ஸ்மித்தின் ஹோம் ரன் முடிவைச் சொன்னது.

அந்தக் கடைசி இன்னிங்ஸ்களை வீசியது யார்? யமமோட்டோ. முந்தைய இரவு 96 பந்து வீசியவர். சீசனில் எந்தப் பயிற்சியாளரும் கனவில்கூட இதைச் செய்ய மாட்டார். இங்கே நாளை என்று ஒன்று இல்லை, அதனால் செய்தார்கள். இரண்டு, ஆறு, ஏழு என்று மூன்று வெற்றி அவர் கணக்கில், தொடரின் சிறந்த வீரரும் அவர்தான்.

அப்படியானால் யார் சிறந்த அணி?

டாட்ஜர்ஸின் வெற்றி திருட்டு வெற்றி இல்லை. கொடுத்த விதிக்குள் கடைசிவரை நின்று ஜெயித்தார்கள், 1998-2000 யாங்கீஸுக்குப் பிறகு தொடர்ந்து இரண்டு வருஷம் பட்டம் வென்ற முதல் அணி இது. டொராண்டோவும் தாழ்ந்த அணி இல்லை, ஒரு பந்து மெத்தைக்குள் சிக்காமல் இருந்திருந்தால் கதை மாறியிருக்கலாம்.

எனக்கு இருக்கும் குறை வேறு. சீசனில் முதலிடம் பிடிக்கும் அணிக்கு மேஜர் லீக் பேஸ்பால் ஒரு கோப்பைகூடத் தருவதில்லை. ஐஸ் ஹாக்கி லீக்கில் அதற்கென்று தனிக் கோப்பை பல காலமாக இருக்கிறது, கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வும் 2022-23 முதல் கொடுக்கிறது. 162 ஆட்டத்தின் உழைப்பை அக்டோபரில் ஒரு வாரம் அழித்துவிடுவது சியாட்டில் மாதிரி ஊர்களுக்குப் பெரிய அநியாயம். 116 ஆட்டம் ஜெயித்த அந்த அணிக்கு வேர்ல்ட் சீரிஸில் ஆடும் பாக்கியம் இன்றுவரை கிடைத்ததில்லை. 30 அணிகளில் அப்படி இருப்பது அது ஒன்றுதான். 2025-ல் டொராண்டோவிடம் ஏழாவது ஆட்டத்தில் ஒரே ரன்னில் போனது அந்த வாய்ப்பு.

இனி கவனிக்க வேண்டிய தேதி 2026 டிசம்பர் 1. வீரர்கள் சங்கத்துக்கும் அணி உரிமையாளர்களுக்கும் இடையிலான ஒப்பந்தம் அன்றைக்கு முடிகிறது. சம்பள உச்சவரம்புதான் பெரிய சண்டையாக இருக்கும், ஆனால் எத்தனை அணி ப்ளேஆஃபுக்குப் போகலாம் என்பதும் இதே பேரத்தில் முடிவாகிற விஷயம். 2022-ல் உரிமையாளர்கள் கேட்டது 14 அணி, கிடைத்தது 12. மறுபடி 14 என்ற எண் மேசைக்கு வந்தால், முதலிடம் பிடித்த அணிக்குப் பதிலுக்கு என்ன தருகிறார்கள் என்பதை முதலில் பாருங்கள்.